குழிக்குள்ளும் கேட்கிற குரல்

லிப்ட் பழுது பார்க்கிறவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு, இனி நமக்கு நாமே குழந்தை என்று இருவரும் மனசைத் தேற்றிக்கொண்ட நேரத்தில் அவர் மனைவி உண்டானாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் அவள். வருகிறவர்களுடைய மூக்குக்கும் காதுக்கும் தோதாகச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பாள். சேதியைச் சொன்ன அன்று அவர், கையிலிருந்த காபியை அவளிடமே நீட்டினார்.

ஐந்தாம் மாதம் கடையில் நின்றுகொண்டிருந்தவளுக்கு லேசாக உதிரம் பட்டது. பதறிப்போய் அவரைக் கூப்பிட்டாள். அவரோ ஒரு பெரிய கட்டிடத்தில் லிப்ட் குழிக்குள் இறங்கி, கிரீஸும் கையுமாக இருந்தார். அங்கே அவருடைய போனுக்கு சிக்னல் கிடையாது. கடை முதலாளியம்மாதான் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வேலை முடிந்து அவர் மேலே வந்ததும் போன் கதறித் தீர்த்தது. விழுந்தடித்துக்கொண்டு போனார்.

பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் போதும் என்றார் டாக்டர். மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும்.

அவரோடு வேலை பார்க்கிற நெட்டையனுக்கு அதே குழியில் சிக்னல் கிடைக்கும். அவன் வைத்திருப்பது வேறு கம்பெனி சிம். மறுநாள் அதைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தார். போன் ஏற்றுக்கொள்ளவில்லை.

"இது ஒப்பந்தத்துல தவணைக்கு வாங்கின போன்ணே. அவங்க சிம்மைத் தவிர வேற எதையும் தொடாது. பூட்டியே குடுத்திருக்காங்க" என்றான் நெட்டையன். "அவ்வளவு பத்தினியா இது!" என்று எரிச்சலோடு பையில் போட்டுக்கொண்டார்.

நல்லவேளை, அந்த ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் போன் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் பளபளவென்று ஒன்றை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இதுக்கு முன்பணமே வேண்டாம் சார். ரெண்டு வருஷ பிளான்ல சேர்ந்தா போதும்."

"இதுல எந்த கம்பெனி சிம் போட்டாலும் வேலை செய்யுமாம்மா?"

"ரெண்டு வருஷம் முடிஞ்சதும் திறந்து விட்டுடுவோம் சார்."

"அதுக்குள்ள எங்க புள்ள ஓடவே ஆரம்பிச்சிடும்மா. பூட்டே இல்லாத போன் ஒண்ணு காட்டு. பகட்டு வேண்டாம். ரெண்டு சிம் போடணும், கீழே விழுந்தாலும் தாங்கணும்."

அவள் சிரித்துவிட்டு, கனத்த கறுப்பு போன் ஒன்றை எடுத்தாள். அதில் அவருடைய பழைய எண்ணுக்கான சிம்மைப் போட்டார். நெட்டையனுடைய கம்பெனியின் புது சிம்மும் ஏறியது. இரண்டுக்கும் ஒப்பந்தம் இல்லாத பிளான்தான். ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். படம் பார்க்கிற டேட்டா அவருக்கு வேண்டாம். எவ்வளவு பேசினாலும் தீராத பிளானாகக் கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து புது எண்ணை மனைவியின் போனில் ஏற்றிக் கொடுத்தார். "இனி எந்தப் பாதாளத்துல இருந்தாலும் கிடைப்பேன்." அவள் தலையாட்டினாள்.

ஆனால் அவள் கூப்பிடவே இல்லை. ஒரு வாரம் பார்த்தார். இவராகத்தான் மணிக்கொரு தரம் கூப்பிட்டார். கடைசியில் சோறு போடும்போது கேட்டேவிட்டார்.

"ஏம்மா, எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க." கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நான் கூப்பிடுறப்பல்லாம் ஒரு பொண்ணு வந்து, நீங்க தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கீங்கன்னு அமைதியா சொல்லிக்கிட்டே இருந்தா. இன்னொரு தடவை அந்தக் குரலைக் கேக்க எனக்குத் தெம்பில்லை."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அந்தக் கட்டிடத்துக்கே அழைத்துப் போனார். முன்கூடத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, காவலாளியிடம் சொல்லி லிப்டை நிறுத்தினார். "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு" என்று குழிக்குள் இறங்கினார். பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. அவர் அண்ணாந்து இருட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு போன் அடித்தது.

"கேக்குதா?"

"கேக்குதும்மா. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சினாள். "அங்க என்ன இருக்கு?"

"எண்ணெய் நாத்தம். யாரோ தவறவிட்ட சாவி ஒண்ணு. அப்புறம் நான்."

அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் போனில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. லிப்டுக்குக் காத்திருந்து அலுத்த ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்.

மறுநாளிலிருந்து அவள் எதற்கெடுத்தாலும் கூப்பிட்டாள். "புள்ள உதைக்குது" என்பாள். இன்னொரு நாள், "கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டே ஒருத்தர் தேடுறாரு" என்பாள். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நின்று கேட்பார். "அண்ணிக்கு வேற வேலையே இல்லையா?" என்று நெட்டையன் கேலி செய்வான்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு முற்பகல், அவர் குழிக்குள் இருந்தபோது அழைப்பு வந்தது. "வலி எடுத்திருச்சுங்க. முதலாளியம்மா கூட இருக்காங்க. பதறாம வாங்க" என்றாள். பதறிக்கொண்டேதான் போனார். ஆனாலும் அவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் கையை நீட்டினாள். அவர் கையெல்லாம் கிரீஸ். பரவாயில்லை என்று இறுகப் பற்றிக்கொண்டாள்.

பெண் குழந்தை பிறந்தது.