அண்ணன் வாங்கிய இரவல் புத்தகம்

போன வாரம் பேத்தி மதுரையிலிருந்து லீவுக்கு வந்தாள். பல்கலைக்கழக நூலகத்துப் புத்தகம் ஒன்றைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். புத்தகம் கண்ணில் பட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. எடுத்துப் பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு. மூலையெல்லாம் மடிப்பு. நடுவில் ஒரு பஸ் டிக்கெட். ஓரத்தில் யாரோ ‘முக்கியம்’ என்று எழுத, அதற்குக் கீழே இன்னொரு மகராசன் ‘ரொம்ப முக்கியம்’ என்று எழுதியிருந்தான். தேங்காயெண்ணெய் வாசம் வேறு. தலைக்கு வைத்துத்தான் படுத்திருப்பார்கள் போல.

குளித்துவிட்டு வந்தவளை ஒரு பிடி பிடித்தேன். “நான் பண்ணல தாத்தா. லைப்ரரி புக்குன்னா அப்படித்தான் இருக்கும்” என்று தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டாள். எனக்கு அன்றைக்கெல்லாம் மனசு ஆறவில்லை. ஒரு புத்தகத்துக்குப் போய் இந்தக் கிழவன் ஏன் இத்தனை கூப்பாடு போடுகிறான் என்று உங்களுக்கும் தோன்றும். சொல்கிறேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தார். சின்னமனூரில் எங்கள் தெருவில் பி.ஏ. முடித்த முதல் ஆள். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வேலையில் இருந்துகொண்டே எம்.ஏ. பரீட்சைக்குப் படித்தார். அந்தப் படிப்புக்கான புத்தகம் நம்ம பக்கத்தில் எங்கே கிடைக்கும்? பட்டணத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் தபாலில் அனுப்பி வைப்பார்கள். தேனி வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். நான் அப்போது தபாலாபீசில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. பார்சல் வந்தால் சாயங்காலம் நானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அண்ணன் கயிற்றை அறுக்க விடமாட்டார், முடிச்சைத்தான் அவிழ்ப்பார். உள்ளேயிருந்து பழந்தாளும் கற்பூரமும் கலந்த ஒரு வாசம் வரும். அந்த வாசத்துக்காகவே நானும் பக்கத்தில் நிற்பேன். படிக்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது.

முதல் பார்சலோடு விதிகள் அச்சடித்த தாள் ஒன்று வந்தது. அண்ணன் அதைச் சுவரில் ஒட்டி, எங்களுக்கும் தமிழில் சொன்னார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. கோடு போடக் கூடாது, மடிக்கக் கூடாது. நாம் வாங்கியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. சொன்ன தேதிக்குள் திருப்ப வேண்டும். தொற்றுநோய் கண்ட வீட்டிலிருந்து மட்டும் புத்தகம் திரும்பி வரவே கூடாது, அங்கேயே எரித்துவிட்டுத் தகவல் எழுத வேண்டும்.

மனுசன் இதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சாப்பிட்ட கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி, துடைத்து, காற்றில் காயவிட்டு, அப்புறந்தான் புத்தகத்தைத் தொடுவார். “சாமியக்கூட இம்புட்டுச் சுத்தமாத் தொடமாட்டாக” என்று மதினி சிரிப்பார். மதினி அனுமந்தன்பட்டிப் பெண். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. எழுத்துத் தெரியாது. அண்ணன் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். “என்ன போட்டிருக்கு?” என்று கேட்டால், எந்த ராஜா எவனை வெட்டினான் என்று அண்ணன் கதையாகச் சொல்லுவார்.

அந்த வருஷம் ஊரில் எலி விழுந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்படியென்றால் என்னவென்று தெரியாது. செத்த எலி ஒன்று வீட்டில் கிடந்தால் பிளேக் வரப்போகிறது என்று அர்த்தம். உடனே வீட்டைப் பூட்டி, கதவில் வேப்பிலை செருகிவிட்டு, வயக்காட்டில் கொட்டகை போட்டுக் குடியேறுவோம். ஊரே காலியாகிவிடும். நோய் போய்விட்டது என்று தெரிகிற வரைக்கும் யாரும் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. மாடு, பாத்திரம், தானியம் என்று அள்ளிக்கொண்டு கிளம்பிய அவசரத்தில், அண்ணனின் நூலகப் புத்தகம் வீட்டு மாடத்திலேயே நின்றுவிட்டது.

அண்ணனுக்குக் கொட்டகையில் இருப்புக் கொள்ளவில்லை. திருப்ப வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

“விடுண்ணே. ஊர்ல பிளேக்குன்னு எழுதிப் போட்டா அவுக புரிஞ்சுக்கிருவாக” என்றேன்.

“ஏலே, நம்ம வீட்ல யாருக்கும் நோய் வரலயே. வராதவரைக்கும் திருப்புறதுதான் முறை. அடுத்தவுக பொருளு அங்கன எலியோட கெடக்கலாமா?”

ஒரு மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று போனவர், புத்தகத்தோடு வந்து நின்றார். பூட்டைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் கத்தினேன். “நாளைக்கே அனுப்பிரு” என்று அண்ணன் என்னிடம் சொன்னார். தபாலாபீசும் அந்தச் சமயம் ஊருக்கு வெளியே மாறிக்கொண்டிருந்தது, பார்சல் வாங்கவில்லை. மறுபடி வாங்க ஆரம்பிக்குமுன் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு, தொடையில் பிளேக் நெறி கட்டிவிட்டது.

அந்தக் காய்ச்சலிலும் அவருக்கு விதி மறக்கவில்லை. “புத்தகத்தத் துணியில சுத்தி அந்த மரத்துல கட்டிவிடு. யாரும் தொடாதீக. இனிமே அத அனுப்பக் கூடாது” என்றார். திருப்பிக் கொடுப்பதற்காக எடுக்கப் போன புத்தகத்தை, எடுத்ததாலேயே கொடுக்க முடியாமல் போயிற்று. பாவி மனுசன், செத்தும் போனார்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஆள்களோடு வந்து கொட்டகை, பாய், துணிமணி எல்லாவற்றையும் கொளுத்தினார். அண்ணன் கட்டின வேட்டி ஒன்றுகூட மதினிக்கு மிஞ்சவில்லை. போட்டோ எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மரத்தில் நான் கட்டிவிட்ட புத்தக மூட்டையை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

நோய் அடங்கி ஊருக்குள் திரும்புகிற சமயத்தில் மதினி அதை இறக்கித் தரச் சொன்னார். மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “எதுவரைக்கும் படிச்சிருந்தாகன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி” என்று என்னிடம் நீட்டினார்.

நானும் முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். கோடில்லை, மடிப்பில்லை, ஒரு விரல் கறை இல்லை. வந்தது வந்தபடியே இருந்தது. தினமும் கையில் வைத்திருந்த மனுசன் அதைத் தொட்டார் என்பதற்கு ஒரு அடையாளம் இல்லை. “தெரியலையே மதினி” என்றேன். அண்ணன் மேல் அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரே ஒரு பென்சில் கோடு போட்டுத் தொலைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

“இத என்ன செய்யணும்னு அந்தத் தாள்ல இருந்துச்சு?” என்று மதினி கேட்டார்.

“எரிக்கணும்னு இருந்துச்சு. ஆனா நீங்க வச்சுக்கங்க மதினி. எரிச்சாச்சுன்னு நான் எழுதிப் போட்டுர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?”

அட்டையைத் தடவிப் பார்த்தார். “அவுக இருந்தா எரிச்சிருப்பாக” என்று சொல்லி எழுந்துபோய் அடுப்பில் வைத்தார். தடித்த அட்டை, லேசில் பிடிக்கவில்லை. ஊதாங்குழலை எடுத்து ஊதினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்து அழுதேன்.

நூலகத்துக்கு எழுதிப் போட்டேன். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. பிற்பாடு பிளேக்கும் எங்கள் பக்கத்தை விட்டே போய்விட்டது. எலி செத்தால் வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறார்கள். கொட்டகை போட்ட வயலெல்லாம் இப்போது மாடி வீடு.

மதினி கடைசிவரை எங்களோடேதான் இருந்தார். வேலையெல்லாம் ஓய்ந்த நேரத்தில் எப்போதாவது, “அவுக சிரிச்சா ஒரு கன்னத்துலதான குழி விழும், தம்பி?” என்று கேட்பார். “ஆமா மதினி, எடது கன்னத்துல” என்பேன். இப்படிக் கேட்டும் சொல்லியுமே அந்த முகத்தை ரெண்டு பேருமாக வைத்திருந்தோம். போன தை மாசம் மதினியும் போய்விட்டார். நேற்று சும்மா உட்கார்ந்திருந்தபோது, அண்ணனுக்கு மீசை இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.