ஹெல்மெட்டோடு வந்தவர்

சிதம்பரம் பிரவுசிங் சென்டரில், மகனின் மெயில் வந்திருக்கிறதா என்று மூன்றாம் முறையாகப் பார்த்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருவர் மஞ்சள் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு மௌஸை நகர்த்தினார். கடலூர் ரசாயன ஆலையில் கான்ட்ராக்ட் வேலையாம். ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தால்தான் மறுநாள் உள்ளே விடுவார்களாம்.

“இங்க எதுக்குங்க ஹெல்மெட்?”

“போட்டிருக்கீங்களான்னு கேக்குது சார். போடாம எப்படி ஆமான்னு அழுத்துறது?”

விபத்து நேர்ந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கடைசிக் கேள்வியில் அவர் கை நின்றுவிட்டது.

“எனக்கு யாருமில்ல சார்.”

என் செல் நம்பரைச் சொன்னேன்.

“உறவும் கேக்குது. மாமான்னு போடட்டா?”

“போடுங்க.”

கிளம்பும்போது வாசலில் நின்று, “வரேன் மாமா” என்றார். மாமா என்று போட்டது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

நான்தான் அவர் பெயரைக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் போன் அடித்தால், மகனாக இருக்குமோ என்று நினைப்பதற்கு முன்னால், ஆலையிலிருந்து இருக்கக் கூடாதே என்று மனம் பதறுகிறது.