இரண்டு கார்டு, மூன்று கொட்டேஷன்

எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருளும் சும்மா வந்துவிட முடியாது. மிக்ஸியானாலும் மேஜை விசிறியானாலும் அண்ணனின் சைக்கிளானாலும், மூன்று கடைகளில் விலையை எழுதி வாங்கிக்கொண்டு வந்து, அப்பா ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு உட்காருவார். வரிசை எண், பொருளின் விவரம், மூன்று கடைகளின் விலை, கடைசியில் பரிந்துரை. இதற்குப் பெயர் கம்பேரிட்டிவ் ஸ்டேட்மெண்ட். மற்ற பிள்ளைகள் கதை கேட்டு வளர்ந்திருக்கலாம். தில்லி கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நானும் அண்ணனும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பொருள் வாங்கும் பிரிவில் இருந்தார். நாற்காலியிலிருந்து பினாயில் வரை சர்க்காருக்காக வாங்கிய கை அது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கைக்கு வேறு மாதிரி வாங்கத் தெரியவில்லை. அம்மா இதையெல்லாம் சகித்துக்கொண்டு, வெங்காயத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் ஒரே கடையில் வாங்கிவிடுவாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வந்து மாட்டிக்கொண்டது. காரணம் நான்தான். தில்லியில் பிறந்த எனக்குத் தமிழ் என்பது அம்மா திட்டுவதற்கு வைத்திருந்த மொழி, அவ்வளவுதான். முழுப்பரீட்சையில் தமிழில் அறுபது வாங்கினால் கேட்டதை வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். நான் எங்கே அறுபது வாங்கப்போகிறேன் என்ற தைரியத்தில் சொன்னாரோ என்னவோ, அறுபத்தொன்று வாங்கித் தொலைத்தேன்.

நான் கேட்டது, ஒரு கார் பந்தய விளையாட்டு எங்கள் வீட்டில் ஓட வேண்டும் என்பது. விளையாட்டு கையில்தான் இருந்தது. மாடிவீட்டுப் பெண் சிடியைக் கொடுத்திருந்தாள். எங்கள் கம்ப்யூட்டரில்தான் அது ஓடவில்லை. ஆபீஸ் கடனில் வாங்கிய அந்தக் கம்ப்யூட்டரில் படங்களைக் கையாளத் தனிக் கார்டு கிடையாது. விளையாட்டைத் திறந்தால் காருக்குப் பதில் ஒரு வரி வரும்: தகுந்த கார்டு இல்லை. ஒரு மாதம் தினமும் திறந்து பார்த்தேன். என்றாவது ஒருநாள் அதற்கு மனம் இரங்கும் என்று நினைத்தேன்.

அண்ணன் அப்போது பிளஸ் ஒன். விளையாடுவதில் அவனுக்கு ஆர்வம் இல்லை, தெரிந்துவைத்திருப்பதில்தான் ஆர்வம். நண்பனிடம் கம்ப்யூட்டர் பத்திரிகைகளை இரவல் வாங்கி வரிக்கு வரி படிப்பான். எங்கள் கம்ப்யூட்டரில் கார்டு செருகும் இடம் பழைய வகை, புதிதாக வருவது எதுவும் அதில் பொருந்தாது, ஆகவே பழைய கார்டுதான் தேட வேண்டும் என்று அவன் தீர்ப்புச் சொன்னான்.

நேரமும் சரியில்லை. அந்த வருஷம் ஆபீஸில் அப்பா மேல் என்கொயரி நடந்துகொண்டிருந்தது. எதற்கு என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வரவேண்டிய பிரமோஷன் நின்றுவிட்டது, தப்பாகப் போனால் வேலைக்கே ஆபத்து, வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும் என்பதெல்லாம் அம்மா திருச்சிச் சொந்தக்காரர்களிடம் ஃபோனில் பேசியதிலிருந்து நாங்களே பொறுக்கி எடுத்தவை. அப்பா ஏதோ தப்பு செய்துவிட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டீ ஆடை கட்டிப் போகும். இப்போதைக்கு அப்பாவிடம் எதையும் கேட்காதீர்கள் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். நாங்களும் கேட்கவில்லை. மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துப்போய் அந்த டீக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, சனிக்கிழமை நேரு பிளேஸ் போகலாம் என்றார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. பஸ்ஸில் உட்கார்ந்தால் சீட் சுட்டது, நின்றால் கம்பி சுட்டது. மூல்சந்தில் இறங்கி வேறு பஸ் மாறி நேரு பிளேஸ் போய்ச் சேர்ந்தபோதே எனக்குப் பாதி ஆசை வடிந்துவிட்டது. கட்டடம் கட்டடமாகக் கம்ப்யூட்டர் கடைகள். நடுவில் இருந்த சிமெண்டு வெளியில் கால் வைக்க முடியாத வெயில். போகிற வழியெல்லாம் திருட்டு சிடி விற்கிறவர்கள் காதருகே வந்து சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர் என்று முணுமுணுத்தார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் நின்று, வேண்டாம் அண்ணா என்று இந்தியில் மரியாதையாகப் பதில் சொன்னார்.

முதல் கடையிலேயே எங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிற கார்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் நினைவகம் 256 எம்பி, மற்றதில் 128. இரண்டுமே மார்க்கெட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தவை. 256 பெரிய அட்டைப்பெட்டியில் வந்தது. பெட்டிமேல் இரும்புக் கவசத்தில் ஒரு பெண் வாளை ஓங்கிக்கொண்டிருந்தாள். 128-க்குப் பெட்டியே இல்லை; வெள்ளி நிறப் பையில் போட்டு டேப் ஒட்டியிருந்தார்கள், யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. ஆனால் விலை அதற்குத்தான் அதிகம், அறுநூறு ரூபாய் கூட.

அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். நூற்றிருபத்தெட்டு எப்படி இருநூற்றைம்பத்தாறை விட உசத்தியாகும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அண்ணன் பத்திரிகையில் படித்ததை ஆரம்பித்தான், பாதி வழியில் அவனுக்கே குழம்பியது. பிறகு எங்கள் குவார்ட்டர்ஸ் தண்ணீருக்கு வந்தான்.

"டாங்க் பெருசுப்பா இதுல, ஆனா குழாய் சன்னம். அதுல டாங்க் சின்னது, குழாய் அகலம். அவசரமா குளிக்கணும்னா எது வேணும்?"

"குழாய்தான்" என்றார் அப்பா, உடனே. காலையில் நாற்பது நிமிஷம் வரும் தண்ணீருக்காகப் பக்கெட்டோடு நின்றவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே வாங்கிக்கொண்டு லஸ்ஸி குடிக்கப் போயிருப்பார்கள். நாங்கள் விலையை எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போனோம். இரண்டாவது கடையிலும் இரண்டும் இருந்தன, விலை கூடுதல். மூன்றாவதாக எந்தக் கடையிலும் அந்தப் பழைய வகையே இல்லை. இரண்டு கொட்டேஷன் இருக்கிறதே, போதாதா என்று அண்ணன் கேட்டதற்கு அப்பா, மூன்றாவது இல்லாமல் எப்படி என்று திகைப்போடு திருப்பிக் கேட்டார். மூன்றாவது கொட்டேஷன் என்பது தோற்பதற்காகவே வருவது. அப்படியும் அது வந்தாக வேண்டும். மாடி மாடியாக ஏறி இறங்கி, கடைசியில் பிரிண்டருக்கு மை விற்கிற ஒருவர் எங்கள் மேல் பரிதாபப்பட்டு, தன்னிடம் இல்லாத இரண்டு கார்டுகளுக்கு வாய்க்கு வந்த விலையைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்பா முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

திரும்ப முதல் கடைக்கு வந்து, இரண்டையும் ஓட்டிக்காட்டச் சொன்னார். கடைக்காரர் மூடி கழற்றிய ஒரு கம்ப்யூட்டரில் முதலில் 128-ஐச் செருகினார். நான் கேட்ட அதே விளையாட்டு. திரையின் மூலையில் ஒரு எண் மாறிக்கொண்டே இருந்தது. வினாடிக்கு எத்தனை படம் என்பதை அது காட்டுகிறது, கூடினால் கார் வழுக்கிக்கொண்டு போகும், குறைந்தால் திக்கும் என்று அண்ணன் சொன்னான். 128-ல் நாற்பதுக்கு மேலே நின்றது. தார்ச்சாலை நனைந்து பளபளத்தது, காருக்குக் கீழே நிழல்கூட ஓடியது. பிறகு 256. எண் இருபதைத் தாண்டவில்லை. வளைவு வரும்போதெல்லாம் கார் விக்கல் எடுத்தது.

எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்குப் போதவில்லை. முதல் ஓட்டத்தில் மெஷின் சூடாகி, அதனால் இரண்டாவது கார்டு திணறியிருக்கலாம் அல்லவா? ஆகவே இப்போது 256-ஐ முதலிலும் 128-ஐப் பின்னாலும் போடச் சொன்னார். அங்கிள்ஜி, நீங்கள் சர்க்கார் ஆளா என்று கடைக்காரர் இந்தியில் கேட்டுவிட்டு மறுபடி மாற்றிப் போட்டார். எண்கள் மாறவில்லை. அப்பா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

பிறகு வெளியே போய் வராந்தாப் படியில் உட்கார்ந்து கட்டம் போட்டார். நாங்கள் இரண்டு பக்கமும் நின்றோம். எல்லாக் கட்டமும் மளமளவென்று நிரம்பியது. பரிந்துரை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை தாளில் சொட்டி, இரண்டாவது கடையின் விலை கலங்கியது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார். கடைசியில் 256 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

கடைக்குள் அவர் அந்த வாள்காரிப் பெட்டியைக் காட்டியபோது நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அதுதானே நல்லா ஓடுச்சு? நீங்களேதானே எழுதுனீங்க?"

"எழுதினேம்மா."

"அப்புறம் என்ன?"

"விலை கம்மி இதுதான்."

சொல்லிவிட்டுப் பணத்தை எண்ண ஆரம்பித்தார். வெயில், பசி, மாடிப்படிகள், கண்ணுக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடி மறைந்துபோன அந்தக் கார் எல்லாம் சேர்ந்து எனக்கு ஆத்திரமாக வந்தது. தமிழில் அறுபத்தொன்று வாங்கியவள் அல்லவா, என்னிடம் இருந்த தமிழையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"உங்களுக்கு எது நல்லதுன்னே தெரியாது. எது சீப்புன்னு மட்டும்தான் தெரியும். ஆபீஸ்லயும் இப்படியே சீப்பா வாங்கியிருப்பீங்க. அதான் மாட்டிக்கிட்டீங்க."

அண்ணன் என் கையைக் கிள்ளினான். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்து, மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். அடி விழும் என்று நான் காத்திருந்தேன். அப்பா அடிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, ஏதோ நான் சொன்னது சரியாகக் காதில் விழாதது போல உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எழுதிக் குடுப்பியா?"

என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து நான் அழத் தொடங்கினேன். பஸ்ஸில் அந்தப் பெட்டியை என் மடியில் வைத்தார். நான் வீடு வரை அதைத் தொடவில்லை.

கார்டு ஓடியது என்னவோ உண்மை. நிழலை எடுத்துவிட்டு, பளபளப்பை எடுத்துவிட்டு, மழையை நிறுத்திவிட்டு ஓட்டினால் கார் சுமாராகப் போகும். அப்பா தினமும் சாயங்காலம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஓடுதாம்மா என்று கேட்பார். ஓடுது என்பேன், திரும்பாமலே. கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு போய்விடுவார். அந்தக் கோடை முழுக்க இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

என்கொயரி ஏழு வருஷம் நடந்தது. சர்க்கார் விசாரணைக்கு அது பெரிய வயதில்லை. நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா தன் கடைசிப் பதிலை டைப் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் பூனாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் நான் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்து வாசித்தார். முதலில் அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களை அப்படியே எடுத்து எழுத வேண்டும், அதுதான் முறை என்றார்.

குற்றம் ஒன்று: ஊழியர் விடுதிக்குத் தண்ணீர் கூலர்கள் வாங்கியதில், விலை குறைவானதை ஒதுக்கிவிட்டு, விலை அதிகமானதே சிறந்தது என்று பரிந்துரை செய்தார். குற்றம் இரண்டு: யாரும் கேட்காமலே இரண்டு கூலர்களையும் வரவழைத்து, மே மாத வெயிலில் நாள் முழுக்க ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். இதன் வழியாக ஒரு கடைக்காரருக்கு ஆதாயம் தேடித் தந்தார்.

என் விரல்கள் நின்றுவிட்டன.

"எதுப்பா நல்லா ஓடுச்சு?"

"விலை கூடுனதுதான். மத்தியானம் மூணு மணிக்கும் தண்ணி சில்லுனு இருந்துச்சு. இன்னொண்ணுல பதினோரு மணிக்கே வெந்நி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "விடும்மா. நீ அடி."

அடித்தேன். கடைசிப் பக்கத்தில், தன் தரப்பில் பேசக்கூடிய சாட்சிகள் என்று ஓர் இடம் இருந்தது. யாரும் இல்லை என்று போடச் சொன்னார். போட்டேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இந்த மனுஷனுக்கு மலிவானதைத் தவிர வேறொன்றும் வாங்கத் தெரியாது என்று அந்த ஆபீஸில் ஒரே ஓர் ஆள் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் கேஸ் என்றைக்கோ முடிந்திருக்கும். ஏழு வருஷத்தில் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான் ஒருத்திதான், அதுவும் திட்டுவதற்காக. பன்னிரண்டு வயதுப் பெண், அதுவும் சொந்த மகள், எழுதிக் கொடுப்பது எங்கேயும் செல்லாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? அப்படியும் அன்றைக்கு அந்தக் கடையில் என்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்.