ஆனுவல் என்றால் வருஷம் முழுக்க

அன்று சுங்கை பூலோ செடி நர்சரியில் இருந்தது நான்கு பேர்: நான், வேன் ஓட்டி வந்த என் கணவர், கிள்ளானில் ஒரு கொண்டோ அடுக்குமாடியின் கமிட்டித் தலைவியான ஆன்டி, நர்சரிக்கார அண்ணன்.

அந்தக் கொண்டோவில் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே கண்ணாடிக் கூரை போட்ட ஓர் இடம் இருக்கிறது. கட்டியவர்கள் ‘வின்டர் கார்டன்’ என்று போர்டு மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மத்தியானம் உள்ளே நின்றால் இட்லிப் பானைக்குள் நிற்பது போலிருக்கும். கிறிஸ்துமஸுக்குள் அங்கே பனி விழுந்த மாதிரி வெள்ளைப் பூவாக நிற்க வேண்டும் என்பது ஆன்டியின் ஆசை.

அதுவரை எங்கள் தொழில் புல் வெட்டுவதும் வேலிச்செடி கத்தரிப்பதும்தான். “ஆனுவல் போடுவீங்களா?” என்று ஆன்டி கேட்டபோது எனக்குத் தெரிந்த சொல் என்றுதான் நினைத்தேன். பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவள் நான். கையுறை ஃபேக்டரியில் வேலை செய்தபோது ஆனுவல் டின்னர் என்று ஒன்று வருஷம் தவறாமல் வரும். அதே ஆனுவல்தானே? வருஷம் முழுக்க நிற்கும், வாடினால் என் காசில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆன்டி அங்கேயே முன்பணம் கொடுத்தார். அது வேனின் கிளட்சுக்குப் போய்விட்டது.

நர்சரியில் ஆன்டி பூக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணனிடம் மெதுவாக, ஆனுவலில் ரொம்ப நாள் தாங்குவது எது என்று கேட்டேன்.

“அக்கா, ஆனுவல்னா ஒரு தடவை பூத்து முடிஞ்சிரும்லா. நீங்க சொல்ற கண்ணாடிக்குள்ள ரெண்டு மாசம் தாங்கினாலே பெரிசு.”

அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், கையில் இல்லை. சொல்லாவிட்டால் வருஷம் முழுக்க என் காசில் செடி மாற்ற வேண்டும். அதற்கும் கையில் இல்லை.

அண்ணன் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்று வெள்ளை வாடாமல்லியை எடுத்து வந்து, பெயரே வாடாமல்லி என்று ஆன்டியிடம் காட்டினார்.

“அது மாலைக்குக் கட்டுறது தம்பி. நான் கார்டன் கேக்குறேன், நீங்க சாவு வீட்டைக் காட்டுறீங்க.”

என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆன்டி வெள்ளைப் பெட்டூனியாவில் கை வைத்துவிட்டார்.

“எத்தனை நாளைக்கு வேணும் ஆன்டி?” அண்ணன் கேட்டார்.

“ஆனுவல்தானே. ஒரு வருஷத்துக்கு. இந்தப் பொண்ணு சொல்லிருச்சே.”

செடி மேசைகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற வழிதான். முன்னால் ஆன்டி, பின்னால் தள்ளுவண்டியோடு என் கணவர். அவர் என் காதில் “சொல்லிரு” என்றார். அண்ணனும் என்னையே பார்த்தார்.

“ஆமா ஆன்டி” என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தைப்பூசம் வருவதற்குள் பூவெல்லாம் காய்ச்சி வடித்த தேயிலை மாதிரி சுருள ஆரம்பித்துவிட்டது. ஆன்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போவார். அவர் கார் வெளியே போனதும் நாங்கள் உள்ளே போய்ப் பழையதைப் பிடுங்கிப் புதியதை நட்டோம். அதற்குப் பிறகும் வாடத் தொடங்கும்போதெல்லாம் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அவர் பிரசங்கம் முடிவதற்குள் திரும்பிவிடுவாரோ என்று கேட்டைப் பார்த்துக்கொண்டேதான் நடுவேன். செடி எல்லாம் அண்ணனிடம் கடன். போன் எடுத்ததுமே, “ஆனுவலா அக்கா?” என்பார்.

ஆன்டிக்கு ஒன்றும் தெரியாது. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை மாதத்தில் ஒரு பூகூட வாடவில்லை, உனக்குக் கைராசி, நீச்சல் குளத்தைச் சுற்றியும் நீயே ஆனுவல் போட்டுக் கொடு என்றார். வேனில் ஏறியதும் என் கணவர் என்ன சொன்னாய் என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

நர்சரி அண்ணனுக்கு இன்னும் அறுநூற்று நாற்பது ரிங்கிட் பாக்கி.