ஷமீம் அக்கா எடுக்க மறுத்த சோதனை

வெள்ளிக்கிழமை காலை, கேம்ப் ரோடு சிக்னலில் நின்றிருந்தபோது ஷமீம் அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா மௌத்தாயிட்டாங்க சார். ஹார்ட்டு. ஜும்மாவுக்கு அப்புறம் அடக்கம்." நான் அஸ்தினாபுரம் போய்ச் சேர்வதற்குள், நாவலூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த நிறுவனம் இணையத்தில் இரங்கல் போட்டுவிட்டது. 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று. அவரை வெளியே அனுப்பியவர்கள் எழுதியது அது. அவரை அறிந்த உங்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன்.

பச்சிளங்குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டிகளை நாங்கள் செய்தோம். எந்த சென்சார் எங்கே இணைந்திருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்ல ஒரு கோப்பு உண்டு. சர்க்யூட் போர்டு மாறினால் கோப்பும் மாறவேண்டும். பழைய கோப்போடும் பெட்டி ஓடும், ஆனால் தப்பாக ஓடும். போர்டுக்கு உரிய கோப்பு இல்லையென்றால் பெட்டி இயங்கவே கூடாது என்று அக்கா மென்பொருளில் ஒரு சோதனையை எழுதிச் சேர்த்திருந்தார். "ஓடாத மெஷினை நர்ஸு ஓரமா வெச்சிடுவாங்க. பொய் சொல்ற மெஷினை நம்பிடுவாங்கப்பா" என்பார்.

சரக்கு அனுப்பும் அவசரத்தில் மேலாளர் அந்தச் சோதனையை எடுத்துவிடச் சொன்னார்.

"எடுக்க மாட்டேன் சார்."

"டெலிவரி லேட் ஆனா நீங்க பதில் சொல்வீங்களா?"

"குழந்தைக்கு ஏதாவது ஆனா நீங்க சொல்வீங்களா?"

அக்கா விடுப்பில் போனபோது வேறொருவரை வைத்து எடுத்துவிட்டார்கள்.

ஒரு மருத்துவமனையில் எங்கள் பெட்டியில் இருந்த குழந்தையின் உடம்பு கொதித்தது. திரையோ இயல்பான வெப்பத்தைக் காட்டியது. செவிலியர் தொட்டுப் பார்த்ததால் குழந்தை பிழைத்தது. புதிய போர்டில் பழைய கோப்பு. அடுத்த சர்வீஸில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றது நிறுவனம். அக்கா ஒவ்வொரு மருத்துவமனையாக அழைத்து, பெட்டிகளை நிறுத்தச் சொன்னார். ரகசியத்தை வெளியே சொன்னதாக வேலை போயிற்று. அவருக்காக நான் பேசியதைக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு யாரும் அவருக்கு வேலை தரவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் கணக்கு ட்யூஷன் எடுத்தார்.

அவருடைய சோதனையை நிறுவனம் பின்னால் எல்லாப் பெட்டிகளிலும் சேர்த்தது. விளம்பரத்திலும் பெருமையாகப் போட்டது. நான்தான் அவரிடம் சொன்னேன். "சேர்த்துட்டாங்களா? நல்லது. ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

அடக்கத்துக்கு மேலாளரும் வந்திருந்தார். அக்கா யார்மீதும் வருத்தம் வைத்துக்கொள்ளாதவர் என்று தன் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை. அக்காவுக்கு வருத்தம் இருந்தது, கடைசிவரை இருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வருத்தத்தைத்தான்.