மடக்கிய வரி

நாற்பத்தேழு வயதில், ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதும் வேலைக்கான தேர்வுக்குப் போனேன். பதினெட்டு வருடம் பக்கம் வடிவமைத்த அச்சகத்தை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன கம்பெனி. இதுவும் கைவிட்டால் திருப்பூருக்குத்தான், மச்சினன் இருக்கிற பனியன் கம்பெனிக்கு. அங்கே போனால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

தேர்வு வைத்த பெண் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பேச்சு.

"பூ மார்க்கெட்டுக்கு ஒரு வெப்சைட் பண்றோம்ணே. மல்லி எம்புட்டு கிலோ, கனகாம்பரம் எம்புட்டு கிலோன்னு குடுத்தா, ரெண்டையும் கூட்டிச் சொல்லணும். அம்புட்டுத்தான். இருபது நிமிஷம்."

ஐந்தே நிமிடத்தில் எழுதிவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் கிலோ வரவில்லை. 'அன்டிஃபைன்ட்' என்று வந்தது. விடை என்று ஒன்று இல்லவே இல்லையாம்.

அடைப்புக்குறிகளை விரல் வைத்து எண்ணினேன். திறந்ததெல்லாம் மூடியிருந்தது. மறுபடி ஓட்டினேன், அதே சொல். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போனேன். கீழே பேருந்துகள் பின்வாங்கிக்கொண்டே இருந்தன, விசில் மேல் விசில். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

"உக்காருங்கண்ணே. புரோகிராம் எங்கயும் ஓடிராது."

"நான் ஓடிருவேன்மா."

நேரம் முடிந்ததும் வந்து திரையைப் பார்த்தார்.

"மத்தவங்க அடைப்பை விட்டுருவாங்க, எழுத்தை மாத்திருவாங்க. இந்தத் தப்பை இங்க யாரும் பண்ணதில்ல. ரிட்டர்னுக்குப் பிறகு ஏன்ணே வரியை மடக்குனீங்க?"

விடையைத் திருப்பிக் கொடு என்று சொல்வதற்கான சொல் ரிட்டர்ன். அதைத் தனியே நிறுத்திவிட்டு, மல்லியையும் கனகாம்பரத்தையும் அடுத்த வரிக்கு இறக்கியிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டோ அந்த வரி முடிந்த இடத்தில் கட்டளை முடிந்ததென்று தானாக ஒரு அரைப்புள்ளி வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு திரும்பிவிட்டது.

"கவிதை எழுதுவேன்மா. கனமான சொல்லு வந்தா அங்கன நிறுத்தித்தான் பழக்கம்."

"அதான் ஒரு வரியும் முழுசா இல்ல." அவர் சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சு பூவைச் சேத்து எழுதுங்க. பத்து நிமிஷம். இதுலயும் மடக்குனீங்கன்னா, அப்படியே படியில இறங்கிருங்க."

ஏழு பூக்கள். வரி திரையின் வலது ஓரத்தைத் தொட்டது. சம்பங்கி வந்ததும் ஒடிக்கச் சொல்லி விரல் அரித்தது. ஒடிக்காமல் அரைப்புள்ளி வரைக்கும் ஒரே இழுப்பில் அடித்தேன். எண் வந்தது.

"திங்கக்கெழம வேலைக்கு வாங்கண்ணே."

அன்று வியாழன்.

"இன்னைக்கே பாக்க ஏதாச்சும் வேலை இருக்காம்மா?" என்று கேட்டேன், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.