கும்பகத்தில் நிறுத்திய வகுப்பு

"சாம்பல் புதனுக்கு அடுத்த ஞாயிறு. காலையில் தேர்வு. என் பங்கு பிராணாயாமம். பூரகம், கும்பகம், ரேசகம் மூன்றையும் சொல்விளக்கத்தோடு நடத்த வேண்டும். பூசை நேற்று மாலையே பார்த்தாயிற்று."

என் நாட்குறிப்பில் அன்று விடிந்ததும் எழுதியவை இவை. எந்த நாளையும் வெறும் பக்கமாக விடாத நான் அன்று அதற்கு மேல் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதக் கூசியது.

என் மகள் யோகா படித்தவள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, யோகா ஆசிரியர் பயிற்சி வகுப்பு தொடங்கியிருந்தாள். சான்றிதழ் தரும் நிறுவனம் ஒரு தேர்வாளரை அனுப்பும். முதல் அணியின் செயல்முறைத் தேர்வைப் பார்த்து அவர் திருப்திப்பட்டால்தான் வகுப்புக்கு அங்கீகாரம். அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியனான நான் சேர்ந்துகொண்டேன்.

என் தங்கைக்கு இது பிடிக்கவில்லை. "ஏண்ணே, கோயில்ல முன் பெஞ்சுல உக்கார்ற ஆளு, அங்க போயி ஓம் சொல்லிக்கிட்டு இருக்கீகளாக்கும்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே ஒவ்வொரு சம்ஸ்கிருதச் சொல்லையும் தேடிப் படித்தேன். யமம் என்பது பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கம், நியமம் தன்னிடம் தான் கடைப்பிடிப்பது. நம் தவக்காலத்தில் செய்வதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டாளோ இல்லையோ, எனக்கு அந்தச் சொற்களின் மேல் ஆசை வந்துவிட்டது. முழங்கால் மடங்காத குறையைச் சொல்லில் ஈடுகட்டினேன்.

மகள் பலமுறை எச்சரித்திருந்தாள். "அப்பா, வெளக்கம்லாம் முதல்லயே சொல்லிருங்க. மூச்ச உள்ள இழுக்க வச்சுட்டுப் பேச ஆரம்பிச்சிராதீங்க. கண்ண மூடிக்கிட்டு உங்க குரல மட்டும் நம்பி உக்காந்திருப்பாங்க."

தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர். முதலில் வாய்மொழித் தேர்வு. யமங்களில் ஒன்றை விளக்கச் சொன்னார். நான் சத்தியத்தை எடுத்துக்கொண்டேன். உண்மை சொல்வதும் அகிம்சையும் மோதினால் எது முந்தும் என்பதுவரை போனேன். "ரொம்ப நல்லாப் படிச்சிருக்கீங்க" என்றார். அந்தப் பாராட்டோடுதான் வகுப்பு நடத்த எழுந்தேன்.

எதிரே என் அணிக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பேகம்பூரில் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய் ஒரு கண்ணைத் திறந்து, "மூச்ச அடக்கச் சொல்லுங்க சார், அடக்குறேன். பிரியாணிய மட்டும் அடக்கச் சொல்லிராதீங்க" என்றார். எல்லோரும் சிரித்து அடங்கினார்கள்.

"பூரகம். மூச்சை உள்ளே இழுங்கள்" என்றேன். இழுத்தார்கள். "கும்பகம். அப்படியே நிறுத்துங்கள்." நிறுத்தினார்கள். தேர்வாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. கும்பம் என்றால் குடம். நிறைந்த குடம் தளும்பாது. உடலைக் குடமாக எண்ணுவது எவ்வளவு பழைய எண்ணம். உள்ளே நிறுத்துவது ஒன்று, வெளியே நிறுத்துவது வேறொன்று. பேசிக்கொண்டே போனேன். மூச்சை வெளியே விடச் சொல்லும் ரேசகத்தையும், எதிரே இருந்தவர்களையும் மறந்துவிட்டேன்.

வேடசந்தூரிலிருந்து வரும் பெண், மில் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர், சத்தமில்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தார்.

மகள் ஓடிவந்தாள். அவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தாள். "அக்கா, ஒண்ணுமில்லக்கா. மெதுவா மூச்சு விடுங்க."

சற்று நேரத்தில் அவர் கண் திறந்தார். முதல் பேச்சே, "சார் இன்னும் ரேசகம் சொல்லலையே" என்பதுதான்.

"நான் அப்பவே திருட்டுத்தனமா விட்டுட்டேன்க்கா" என்றார் பாய். "சாரு குடத்த வெளக்கி முடிக்கிற வரைக்கும் தாங்குமா உசுரு?"

அந்தப் பெண்ணே சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

தேர்வாளர் அவளிடம் கேட்டார்: "ஏனுங்க, கும்பகத்துல பேசக் கூடாதுன்னு இவருக்கு நீங்க சொல்லித் தரலீங்களா?"

"இல்ல சார். நாந்தான் சரியாச் சொல்லிக் குடுக்கல. என் தப்பு."

அவர் பேனா காகிதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவரைப் பிடித்து முன்னால் வந்தேன். "அப்படி இல்ல சார். பலமுற சொன்னாங்க. நாந்தான் மறந்துட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பாவுங்களா?"

"ஆமா."

"அதானுங்க. மகளுக்காக எந்த அப்பாவும் சொல்றதுதானுங்களே." கனிவாகத்தான் சொன்னார்.

சத்தியத்தைப் பற்றி நான் அளந்ததையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய மனிதர் அவர். நான் சொன்ன உண்மையை நம்பவில்லை. எனக்காக மகள் சொன்ன பொய்யை நம்பினார். அந்த இடத்தில் எங்கே பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. சுவரிலிருந்து கையை எடுக்கவும் மறந்து நின்றேன்.

வீட்டுக்கு அவள் ஸ்கூட்டரில்தான் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. ரயில்வே கேட்டில் நின்றபோது, "மத்தியான மாத்திர எடுத்துட்டு வந்தீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கீகாரம் வரவில்லை. மறு ஆய்வு நடக்கும்வரை புது அணி சேர்க்கக் கூடாது என்று அறிக்கை வந்தது. காரணம் ஒரே வரி: "பயிற்றுநரின் மேற்பார்வை போதாது."

அந்த வரியை அவர் எப்போது எழுதினார் என்பதை அறிய முயன்றேன். நான் பேசுவதற்கு முன்பே எழுதியிருந்தால், என் பேச்சால் கூடுதல் கேடில்லை. பிறகு எழுதியிருந்தால், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பயிற்றுநராக என் வாயாலேயே அவளை ஆக்கிவிட்டேன். முன்புதான் என்கிறாள் மகள். பிறகுதான் என்கிறார் பாய். வேடசந்தூர்ப் பெண் அப்போது படுத்திருந்தார், பார்க்கவில்லை. தேர்வாளரிடம் கேட்க எனக்கு முகமில்லை. ஆகவே, எது முந்தியது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.